பெயர்ப்பலகை ஒருவருடையது, சம்பளம் இன்னொருவருடையது: வியட்நாமில் ஒரு ஃபிரான்சைஸ் ஆங்கிலப் பள்ளியை விசாரித்த கதை

வியட்நாமின் பியென் ஹோவாவில் உள்ள ஓர் ஆங்கிலப் பள்ளியில் நான் வேலைக்குச் சேரவில்லை. சேராமல் இருப்பதற்கு எனக்கு ஐந்து மாதமும் 25,000 ரூபாய்க்கு மேலும் செலவானது. எரிச்சல் இன்னும் தீராததால்தான் எழுதுகிறேன். இதே மாதிரி ஒரு ஆஃபர் லெட்டரை இப்போது யாராவது கையில் வைத்துக்கொண்டு, வீட்டில் ஸ்வீட் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

பட்டம், 120 மணி நேர டெஃபல் (ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி) சான்றிதழ், ரெஸ்யூமே எல்லாம் உங்களிடமும் இருக்கும், அதற்குள் போகவில்லை. விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தேன், இரண்டே வாரத்தில் ஆஃபர் வந்துவிட்டது. பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் பெரிய பெயர். பெயரைச் சொல்ல மாட்டேன், சொல்லியும் பயனில்லை, ஏன் என்று கீழே புரியும். அந்தப் பெயரைப் பற்றி இரவெல்லாம் உட்கார்ந்து தேடிப் படித்தேன். ஆரம்பித்த கதை, பாடப் புத்தகம், பயிற்சி முறை, எல்லாம் நல்லபடியாகவே இருந்தது. என் தம்பிதான் ஒப்பந்தத்தை ஒரு புரட்டு புரட்டிவிட்டுக் கேட்டான்: "அக்கா, லெட்டர்ல ஒரு கம்பெனி பேரு, அக்ரிமெண்ட்ல வேற கம்பெனி பேரு இருக்கே?"

அப்போதுதான் உறைத்தது. நம் ஊரில் ஒரு பிரபல பிரியாணிக் கடைக்கு நாற்பது கிளை இருந்தால், மாஸ்டருக்குச் சம்பளம் கொடுப்பது பலகையில் இருக்கும் பெயரா, கிளை எடுத்தவரா? இதுவும் அதேதான். கிளை எடுத்தவர் தலைமையகத்துக்குப் பணம் கட்டிப் பெயரையும் புத்தகத்தையும் வாங்கிக்கொள்கிறார். பாடம் ஒழுங்காக நடக்கிறதா என்று தலைமையகம் பார்க்கும், உங்கள் சம்பளம் ஒன்றாம் தேதி வந்ததா என்று பார்க்காது. தலைமையகத்துக்கே மெயில் போட்டேன். மரியாதையாகப் பதில் வந்தது: ஒவ்வொரு மையமும் தனி உரிமையாளருடையது, வேலை ஒப்பந்தம் உங்களுக்கும் அந்த மையத்துக்கும் இடையிலானது. அந்தப் பெரிய பெயரை நம்பி நான் செலவழித்த இரவுகள் அத்தனையும் அந்த ஒரு வரியில் போச்சு.

சரி, கிளை எடுத்தவர் யார்? வியட்நாமில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வரி எண் உண்டு, மா சோ துவே என்பார்கள். ஒப்பந்தத்தில் நிறுவனப் பெயருக்குக் கீழே பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அந்நாட்டு அரசின் தொழில் பதிவுத் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பெயர், முகவரி, எப்போது பதிவானது, இன்னும் இயங்குகிறதா என்று வந்துவிடும். "பத்து வருட அனுபவம்" என்று எனக்குச் சொல்லப்பட்ட நிறுவனம் பதிவாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. பத்து வருடம் பலகைக்கு, ஏழு மாதம் முதலாளிக்கு.

பெரிய பெயரே காப்பாற்றிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அபாக்ஸ் லீடர்ஸ் என்று வியட்நாம் முழுக்க மையங்கள் வைத்திருந்த ஆங்கிலப் பள்ளி கொரோனாவுக்குப் பிறகு வரிசையாக மூடியது. ஆசிரியர்களுக்குச் சம்பள பாக்கி, முன்கூட்டியே கட்டணம் கட்டிய பெற்றோருக்கும் பாக்கி. தொலைக்காட்சியில் முதலீட்டாளராக வந்து பிரபலமான அதன் தலைவரை 2024 மார்ச்சில் கைது செய்தார்கள். மாதக்கணக்கில் முன்பணம் வாங்கி அதிலேயே சம்பளம் போடும் தொழில் இது, புதுச் சேர்க்கை குறைந்தால் முதல் அடி ஆசிரியருக்குத்தான். அதனால் எத்தனை பிள்ளைகள், பழைய பிள்ளைகளில் எத்தனை பேர் மறுபடி கட்டணம் கட்டினார்கள் என்று கேளுங்கள். நான் கேட்டபோது "கலர்ஃபுல் கிளாஸ்ரூம்" போட்டோ ஆறு அனுப்பினார்கள்.

இனி ஒப்பந்தம். இடப் பக்கம் வியட்நாமிய மொழி, வலப் பக்கம் ஆங்கிலம், கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் "முரண்பாடு வந்தால் வியட்நாமிய வாசகமே செல்லும்." மாதம் 72 மணி நேரம் உத்தரவாதம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. மணிக்கு 3,00,000 டாங் (வியட்நாம் பணம்), பூஜ்யங்களைப் பார்த்து மயங்காதீர்கள், நம் காசில் சுமார் 1,000 ரூபாய். ஆக மாதம் 72,000 என்று அம்மா கணக்கே போட்டுவிட்டார். ஏதோ தோன்றி இடப் பக்கத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டேன். 72-க்கு முன்னால் இருந்த சொல் "தோய் தா". அதற்கு அர்த்தம் அதிகபட்சம். குறைந்தபட்சம் என்றால் "தோய் தியூ" என்று இருக்க வேண்டும். ஒரு சொல்லில் உத்தரவாதம் உச்சவரம்பாகிவிட்டது. மேனேஜரிடம் கேட்டேன், "டைப்பிங் மிஸ்டேக்" என்றார். திருத்தி அனுப்புங்கள் என்றேன். திருத்தி வந்தது. ஆனால் திருத்தியது ஆங்கிலப் பக்கத்தை.

வரியையும் கேட்டுக்கொள்ளுங்கள், சொல்லும் தொகை வரிக்கு முன்பா, பின்பா என்று. ஓர் ஆண்டில் 183 நாளுக்குக் குறைவாக அங்கே இருந்தால் நேராக 20 சதவீதம் போய்விடும்.

விசா விஷயத்தில் இன்னும் மோசம். "டூரிஸ்ட் இ-விசாவில் வாங்க, 90 நாள் இருக்கு, பர்மிட்டை இங்கே வந்து பார்த்துக்கலாம்" என்றார்கள். அந்த விசாவில் வகுப்பு எடுப்பது சட்டவிரோதம், மாட்டினால் நாடு கடத்தப்படுவது நாம்தான். வேலை அனுமதிக்கு விண்ணப்பிப்பது நிறுவனத்தின் வேலை, அது அந்த நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கும். அதைத் தள்ளிப்போடுகிறவர் மற்றதையும் தள்ளிப்போடுவார்.

சம்பளமில்லாத டெமோ வகுப்பு ஒன்றும் எடுத்தேன், ஆறு வயசுப் பிள்ளைகள், அருமையாகப் போனது. முடிந்ததும் மேனேஜர் சிரித்துக்கொண்டே, "பெற்றோர் கேட்டால் சிங்கப்பூர் என்று சொல்லிவிடலாமா?" என்றார். மதுரைக்காரி நான் சிங்கப்பூர் விமான நிலையத்தைக்கூடப் பார்த்ததில்லை.

கடைசி ஆணி ஒரு பிலிப்பைன்ஸ் ஆசிரியை. மேனேஜர் பேசவைத்த "இப்போதைய ஆசிரியர்" பேசும்போது பின்னால் மேனேஜரின் குரலே கேட்டது, அது கணக்கில்லை. மையத்தின் பழைய கிறிஸ்துமஸ் போட்டோவில் டேக் ஆகியிருந்த இந்த ஆசிரியையைத் தேடிப் பிடித்து மெசேஜ் போட்டேன். ஐந்தே நிமிடத்தில் பதில்: சம்பளம் இரண்டு தவணையாக வரும், இரண்டாவது தவணை எப்போது என்று கேட்கக் கூடாது. வேலையை விட்டுப் போன ஆசிரியரைக் கண்டுபிடியுங்கள், மீதியெல்லாம் அப்புறம்.

மறுத்துவிட்டேன். ஆனால் அவர்கள் பேச்சைக் கேட்டுச் செய்த காகித வேலையின் வலி இருக்கிறதே! வெளியுறவு அமைச்சக முத்திரை போதும் என்றார்கள். போதவில்லை, பட்டத்தில் டெல்லியில் இருக்கும் வியட்நாம் தூதரகத்தின் முத்திரையும் வேண்டியிருந்தது. அதற்கும் முன்னால் சென்னையில் பட்டத்தைச் சரிபார்க்கப் போன இடத்தில், எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டும் ஒரிஜினல் வேண்டும் என்று கவுன்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமல் சொன்னார். நான் பட்டத்தை மட்டும் கொண்டுபோயிருந்தேன். அன்று இரவே பஸ் பிடித்துத் திரும்பினேன். அப்புறம் நம் ஊர் இனிஷியல் பிரச்சினை: பட்டத்தில் அப்பா பெயர் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் முழுப் பெயர். இருவரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம். இதை முதலிலேயே முடித்துவிடுங்கள். போலீஸ் கிளியரன்ஸை (குற்ற வழக்கு இல்லை என்ற சான்றிதழ்) மட்டும் முதலில் எடுக்காதீர்கள், வேலை அனுமதிக்கு ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், என்னுடையது இழுபறியிலேயே காலாவதியாகப் போகிறது. மறுபடி 500 ரூபாய், மறுபடி பாஸ்போர்ட் சேவா வரிசை.

இப்போது வியட்நாமிலேயே தா நாங் நகரில் ஓர் இடம் அமைந்திருக்கிறது. அதுவும் ஃபிரான்சைஸ்தான். கிளை எடுத்த அம்மாவே வீடியோ காலில் வந்தார், கேட்பதற்கு முன்பே வரி எண்ணைக் கொடுத்தார், வேலையை விட்டுப் போன இரண்டு பேரின் எண்ணையும் கொடுத்தார். மணிக்கு 2,70,000தான், முன்னதைவிடக் குறைவு. ஆனால் இடப் பக்கத்தில் தோய் தியூ என்று இருக்கிறது, மூன்று முறை பார்த்துவிட்டேன். பெற்றோரிடம் இந்தியா என்றே சொல்லப்போவதாகச் சொன்னார். பட்டம் மட்டும் இன்னும் டெல்லியில் இருக்கிறது, வந்ததும் டிக்கெட் போட வேண்டும்.