கல்விக் கடன் கொடுத்த ஆண்டுகள்

அரசு வங்கி ஒன்றில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தருமபுரி மாவட்டத்தில் அரூர் பக்கத்துக் கிளை ஒன்றில் மட்டும் இரண்டு முறை இருந்தேன். 2004 முதல் 2007 வரை கடன் பிரிவு அதிகாரி. பிறகு 2011 முதல் 2014 வரை அதே கிளைக்கு மேலாளர். ஒரே ஊரை நாலு வருஷ இடைவெளியில் திரும்பப் பார்க்கும் வாய்ப்பு வங்கிக்காரர்களுக்கு அதிகம் கிடைப்பதில்லை. எனக்குக் கிடைத்தது. கல்விக்குப் போடும் பணம் ஒரு நாட்டை என்ன செய்கிறது என்று எனக்குக் கொஞ்சமாவது புரிந்தது என்றால், அது அந்தக் கிளையில்தான்.

அந்த ஊரில் நாங்கள் கொடுத்த கடன் பெரும்பாலும் விவசாயக் கடன். மோட்டார், கறவை மாடு, டிராக்டர், மரவள்ளிக்குப் பயிர்க்கடன். எல்லாமே கண்ணால் பார்க்கக் கூடியவை. மாட்டுக்குக் காதில் வில்லை குத்தி இன்சூரன்ஸ் போடுவோம். ஆறு மாதம் கழித்துத் திடீரென்று போய் நின்றால் கொட்டகையில் மாடு இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். கல்விக் கடனில் எதைப் போய்ப் பார்ப்பது? பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி மதிப்பெண் பட்டியலோடு எதிரில் உட்கார்ந்திருப்பாள். நாலு வருஷம் கழித்து அவள் சம்பாதிக்கப் போகும் சம்பளம்தான் அந்தக் கடனுக்கான சொத்து. அதற்குக் காதில் வில்லை குத்த முடியாது.

2001-இல் வந்த கல்விக் கடன் திட்டத்தில் விதி தெளிவாகவே இருந்தது. நாலு லட்சம் வரை ஜாமீன் கேட்கக் கூடாது. பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். விதி அப்படி. ஆனால் எங்கள் கை வேறு மாதிரி பழகியிருந்தது.

2005 ஜூலையில் ஒரு தகப்பனார் மகளோடு வந்தார். கல் உடைக்கும் வேலை. பெண் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். தனியார் கல்லூரியில் பார்மஸி படிக்க இடம் கிடைத்திருந்தது. நான் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, "பட்டா ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி. "எழுதிக் குடுக்க எங்ககிட்ட ஒண்ணுமில்லீங்க சார். புள்ள மட்டுந்தாங்க" என்றார். பார்க்கலாம், அடுத்த வாரம் வாங்க என்று அனுப்பினேன். இரண்டு முறை வந்தார். மூன்றாவது முறை வரவில்லை. கல்லூரியில் பணம் கட்டும் தேதி போய்விட்டது. அந்தப் பெண் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. கொடுத்த கடன் வாராக்கடன் ஆனால் விளக்கம் எழுத வேண்டும். கொடுக்காத கடனைப் பற்றி எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. அந்தத் தவறு முழுக்க என்னுடையது. இன்றும் மருந்துக் கடையில் வெள்ளைக் கோட்டோடு ஒரு பெண்ணைப் பார்த்தால் எனக்கு அந்த அப்பாவின் முகம் வந்துவிடுகிறது.

அடுத்த ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் படிக்கக் கேட்டு வந்த ஒரு பெண்ணுக்கு, ஜாமீன் பேச்சே எடுக்காமல், சிபாரிசு எழுதினேன். நான் 2011-இல் திரும்பி வந்தபோது அவள் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தாள். மாதா மாதம் தவணை வந்துகொண்டிருந்தது. கடன் தீர்ந்தது, வட்டி வந்தது. வங்கிக் கணக்குப்படி விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் நான் கிளையின் மற்றப் பதிவேடுகளையும் பார்க்கிறவன் அல்லவா. அவள் அம்மாவின் தோடும் சங்கிலியும் வருஷக்கணக்காக எங்கள் நகைக் கடன் பெட்டகத்தில் இருந்தன. வட்டி கட்டித் திரும்ப வைப்பதும், மறுபடி வட்டி கட்டித் திரும்ப வைப்பதுமாக. அது மீட்கப்பட்டது. தம்பி பாலிடெக்னிக் படித்தான், கடன் வாங்காமல். அப்பா பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு உயிரோடு இருந்தது. கூரை மாற்றினார்கள். அதற்கு வாங்கிய ஓடும் சிமெண்டும் அரூர்க் கடைக்காரர் ஒருவரின் நடப்புக் கணக்கில் வரவாக வந்திருக்கும்.

இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. மாட்டுக் கடன் கொடுத்தால் பால் அந்த வீட்டுக்கு, தவணை வங்கிக்கு. கணக்கு நேராகிவிடும். கல்வியில் போட்ட பணம் அப்படி வருவதில்லை. அது போட்டவனுடைய கணக்கைத் தாண்டி எங்கெங்கோ வரவாகிறது. பெங்களூரில் ஒரு நோயாளிக்கு, கர்நாடக அரசின் வரிக்கு, தம்பியின் படிப்புக்கு, அரூர் சிமெண்டுக் கடைக்கு, நாளைக்கு அவளுக்குப் பிறக்கப் போகும் குழந்தைக்கு. எங்கள் வங்கிக்கு வந்தது அசலும் வட்டியும் மட்டும். வங்கி தன் லாபத்தை மட்டும் பார்த்தால் கல்விக்குப் போதுமான பணத்தை ஒருநாளும் போடாது. தகப்பனும் அப்படித்தான். பெண் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள் என்று கணக்குப் போட்டால் ஒன்பதாவதோடு நிறுத்திவிடுவார். சிதறி வருகிற வரவு எல்லாவற்றையும் மொத்தமாகக் கூட்டிப் பார்க்கக் கூடிய ஒரே ஆள் அரசுதான்.

என் மேஜைக்கு அந்தப் பெண் வந்தது பதினெட்டு வயதில். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் அவள்மேல் அரசு பணம் போட்டிருந்தது. மதியச் சோறு, முட்டை, புத்தகம், பஸ் பாஸ், சைக்கிள். நான் சிபாரிசு செய்த கடன் அந்த முதலீட்டின் கடைசித் தவணைதான்.

அந்த முதலீடு தொடங்கிய காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். 1951 கணக்கெடுப்பில் இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100க்கு 21 பேர். காமராஜர் 1954-இல் முதல்வரானார். அரை நாள் பள்ளி, அரை நாள் குடும்பத் தொழில் என்று அதற்கு முந்தைய ஆண்டு வந்திருந்த ஏற்பாட்டை நீக்கினார். 1956-இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். கல்வித் துறையை நடத்திய நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். அரசிடம் இல்லாத பணத்தை ஊர்க்காரர்கள் பெஞ்சாகவும் கூரையாகவும் அரிசியாகவும் கொடுத்தார்கள். ஏழை மாநிலம் ஒன்று, பணம் சேர்ந்த பிறகு பள்ளி கட்டலாம் என்று காத்திருக்கவில்லை. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை முதல் தேதி சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, வளர்ச்சிக்குப் போக வேண்டிய பணம் சோற்றுக்குப் போகிறது என்று பேசியவர்கள் உண்டு. அன்றைக்கு அந்தத் தட்டில் சாப்பிட்டவர்களின் பிள்ளைகள்தான் என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தார்கள்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். தருமபுரி மட்டும் 68.5; மாநிலத்திலேயே கடைசி. அதனால் எங்கள் கிளைக்கு வந்த ஒவ்வொரு கல்விக் கடன் விண்ணப்பமும் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

இதை எல்லாம் அளக்க முடியுமா என்று பலர் கேட்பார்கள். இந்தோனேசியா 1973 முதல் 1978 வரை, எண்ணெய் விற்ற பணத்தில், 61,000க்கும் மேல் தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. 2019-இல் பொருளாதார நோபல் பெற்ற மூவரில் ஒருவரான எஸ்தர் டுஃப்லோ, அந்தப் பள்ளிகள் வந்த பகுதிகளில் அப்போது சிறு பிள்ளைகளாக இருந்தவர்களையும், பள்ளி வயதைத் தாண்டியிருந்தவர்களையும் ஒப்பிட்டார். பள்ளி அதிகமாகக் கட்டப்பட்ட இடங்களில் பிள்ளைகள் கூடுதல் வருஷங்கள் படித்தார்கள். வளர்ந்த பிறகு கூலியும் கூடுதலாக வாங்கினார்கள். அதைப் படித்தபோது எங்கள் நகைக் கடன் பதிவேடுதான் ஞாபகம் வந்தது. அவர் பெரிய அளவில் பார்த்ததை நான் ஒரு கிளையில் பார்த்தேன், அவ்வளவுதான்.

சரி, எல்லாம் நன்றாகவே நடந்ததா என்றால், இல்லை. இரண்டாவது முறை வந்தபோது என்னை வரவேற்றது வாராக்கடன் பட்டியல். 2007-08 சேர்க்கையிலிருந்து பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. கல்லூரிகள் மாநிலத்தில் 500ஐத் தாண்டிக்கொண்டிருந்தன. ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் என்று 2009-இல் அறிவிப்பு வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் பையன்கள் சேர்ந்த கல்லூரிகளில் சிலவற்றில் ஆய்வுக்கூடம் பெயருக்குத்தான். வாத்தியார்கள் போன வருஷம் அங்கேயே படித்து முடித்தவர்கள். படிப்பு முடிந்து ஒரு வருஷம் ஆனதும் தவணை தொடங்கும். பையன் பெங்களூரில் எட்டாயிரம் ரூபாய்க்கு ஏதோ ஒரு வேலையில் இருப்பான். அறை வாடகை போக என்ன மிஞ்சும்? வசூலுக்குப் போனால் அப்பா தலை குனிந்து நிற்பார். ஒருவர் இரண்டு கறவை மாட்டை விற்றுக் கொண்டுவந்து கட்டினார். அந்த மாட்டுக்கும் நாங்கள்தான் கடன் கொடுத்திருந்தோம்.

இந்த இடத்தில் நான் பிடிவாதமாகச் சொல்வேன்: கல்விக்குப் போடும் பணம் என்பது கல்லூரியில் சீட்டு வாங்கக் கட்டும் பணம் அல்ல. ஏழாம் வகுப்புப் பையனுக்குப் பின்னம் புரியவில்லை என்றால், அவனை நாலு லட்சம் கொடுத்துப் பொறியாளர் ஆக்க முடியாது. கீழே போட வேண்டிய பணத்தை மேலே போட்டால் அது கட்டடமாகவும் கடனாகவும் மட்டும்தான் மிஞ்சும். மத்திய அரசு அமைத்த கல்விக் குழுவான கோத்தாரி குழு, நாட்டு வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு வேண்டும் என்று 1966-இலேயே சொன்னது. இந்தியா இன்னும் அதைத் தொடவில்லை. அதில் முதல் பங்கு தொடக்கப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்று, வேலை பஸ் போகும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒழுங்காகத் தவணை வந்த கணக்குகளை ஒருநாள் தனியே எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஓசூர் முகவரி. 1970களில் மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் அங்கே நிலம் எடுத்துத் தொழிற்பேட்டை அமைத்திராவிட்டால் அந்தப் பையன்களின் டிப்ளமோ என்ன ஆகியிருக்கும்? காமராஜர் ஆட்சியில் பள்ளிகள் திறந்த அதே ஆண்டுகளில்தான் கிண்டித் தொழிற்பேட்டையும் நெய்வேலியும் வந்தன. அப்போது பள்ளியையும் தொழிலையும் யாரும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 100க்கு 40 பேருக்கு மேல் இன்று தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். உயர்கல்விச் சேர்க்கையில் 2021-22-இல் நாட்டின் சராசரி 28.4 சதவீதம் என்றால் தமிழ்நாடு 47. இந்த இரண்டு எண்களையும் நான் சேர்த்தே படிக்கிறேன்.

கிளையில் ஒரு மை டப்பா இருந்தது, கைநாட்டு வைப்பவர்களுக்காக. 2004-இல் வாரத்துக்கு ஒரு முறை அதில் மை ஊற்றுவோம். 2013-இல் அது மூடியே கிடந்தது. அந்த ஜூன் மாதம் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் இடம் வாங்கிய ஒரு பெண் கடனுக்கு வந்தாள். கோப்பில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தது. கூட அம்மாவும் பாட்டியும். அம்மா நிதானமாக எழுத்துக் கூட்டித் தமிழில் கையெழுத்துப் போட்டார். எவ்வளவு படித்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "எட்டாவது சார். எட்டாவது முடிச்ச பொண்ணுக்குத்தான் கல்யாணத்துக்கு அரசாங்கம் காசு குடுக்கும்னு அப்போ சொன்னாங்க. அதுக்காகவே எங்கப்பா நிறுத்தாம விட்டாரு" என்றார். 1989-இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் வந்த திட்டம் அது. அம்மாவுக்கு அப்போது பதின்மூன்று வயது இருந்திருக்கும்.

பட்டா பற்றி நான் கேட்கவில்லை. நாலு நாளில் கடன் அனுமதியானது. எல்லாரும் கையெழுத்துப் போட்டு முடித்ததும் பாட்டி எழுந்து மேஜைக்குப் பக்கத்தில் வந்து இடது கைக் கட்டைவிரலை நீட்டினார்.

"உங்க கைநாட்டு இதுக்கு வேண்டாம்மா" என்றேன்.

"வேண்டாமா?" என்று விரலை மடக்கிக்கொண்டார். அப்புறம் பேத்தி கையெழுத்துப் போட்டிருந்த பக்கத்தைக் காட்டச் சொல்லி, குனிந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.