லார்டிக் ஒற்றைத் தண்டவாளப் பாதை: மாதிரி வேலை எதுவரை வந்திருக்கிறது

அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்தில் லிஸ்டோவலையும் கடற்கரை ஊரான பாலிபனியனையும் இணைத்து 1888 பிப்ரவரி 29 முதல் 1924 அக்டோபர் 14 வரை இயங்கிய லார்டிக் ரயில் பாதையின் ஒரு துண்டை, 32-இல் ஒரு பங்கு அளவில் செய்து வருகிறேன். பாதையின் தாங்கு சட்டங்கள் முடிந்துவிட்டன. இஞ்சின் பாதி உருவாகியிருக்கிறது. சாலை குறுக்கிடும் இடத்தில்தான் வேலை மெதுவாக நகர்கிறது.

இப்பாதையில் தரையோடு பதிந்த இரட்டைத் தண்டவாளம் கிடையாது. விரித்து வைத்த ஏணி போன்ற இரும்புச் சட்டங்கள் ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்துக்கு வரிசையாக நிற்க, அவற்றின் உச்சியில் ஓடும் ஒற்றைத் தண்டவாளமே எடை முழுவதையும் தாங்கியது. கீழே இருபுறமும் ஓடிய மெல்லிய தண்டவாளங்கள் வண்டி சாயாமல் பார்த்துக்கொண்டன. பிரெஞ்சுப் பொறியாளர் சார்ல் லார்டிக், அல்ஜீரியாவில் இருபுறமும் சுமை தொங்க நடக்கும் ஒட்டகங்களைப் பார்த்து இம்முறையை வகுத்தார் என்பார்கள். என் மாதிரியில், பித்தளைப் பட்டைகளை மர அச்சில் பொருத்திப் பற்றவைத்ததால், சட்டங்கள் ஒரே சீராக அமைந்தன.

இஞ்சின்தான் இவ்வேலையின் சுவை. லீட்ஸ் நகரின் ஹன்ஸ்லெட் நிறுவனம் கட்டிய மூன்று இஞ்சின்களிலும், ஒரே வரிசையில் மூன்று சக்கரங்கள் நடுவில் இருக்க, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொதிகலன்கள் தொங்கின. ஓட்டுநர் ஒரு பக்கம், கரி அள்ளிப் போடுபவர் மறுபக்கம். என் மாதிரியில் மோட்டார் ஒரு கொதிகலனுக்குள் அடங்கிவிட்டதால், மற்றொன்றில் ஈயக்குண்டுகளைச் சிறிது சிறிதாக இட்டு, இஞ்சின் நேராக நிற்கும்வரை எடையைக் கூட்டினேன். உண்மைப் பாதையிலும் இதே கவலைதான். பியானோ ஒன்றை அனுப்ப எதிர்ப்புறம் பசுவை ஏற்றி, பசுவைத் திரும்பக் கொண்டுவர இரண்டு கன்றுகளை ஏற்றி, கடைசியில் கன்றுகளைப் பக்கத்துக்கு ஒன்றாக அனுப்பினார்கள் என்று ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, கணக்கு சரியாகவே வருகிறது!

நிலத்தைப் பெரிதாகச் சமன்செய்யத் தேவையில்லாததால், சுமார் 14 கிலோமீட்டர் பாதையைப் போடுவது மலிவாக இருந்தது. ஆனால் இடுப்புயரத் தண்டவாளத்தை மாடோ வண்டியோ கடக்க முடியாது. ஆகவே வயல்வழி குறுக்கிட்ட இடங்களில் பாதையின் ஒரு துண்டைச் சுழற்றித் திறக்கவும், பொதுச்சாலைகளில் இருபுறமிருந்தும் தண்டவாளத்தின் மேல் இறங்கும் தூக்குப்பாலத்தை இயக்கவும் வேண்டியிருந்தது. லிஸ்டோவல் வழியே சென்ற வழக்கமான இரட்டைத் தண்டவாள லிமெரிக்–டிராலி ரயில் பாதையின் பெட்டிகள் இதில் ஏற வழியில்லை என்பதால், சரக்கை லிஸ்டோவலில் மாற்றி ஏற்றுவதைத் தவிர வேறு வழியும் இல்லை. போடுவதில் மிச்சப்படுத்திய பணத்தை நடத்துவதில் இழக்கும் அமைப்பு இது என்பது என் கணிப்பு. கோடைப் பயணிகளும் வயலுக்குப் போன கடல் மணலும் இதை 36 ஆண்டுகள் காப்பாற்றியதே பெரிது. உள்நாட்டுப் போரில் பட்ட சேதத்துக்குப் பின், பல ரயில் நிறுவனங்களை இணைத்து 1925-இல் உருவான கிரேட் சதர்ன் ரயில்வேயில் சேர்க்கப்படாமலே இது பிரித்து விற்கப்பட்டது.

2003-இல் லிஸ்டோவலில் மீண்டும் அமைத்த சிறு பாதையில் ஓடும், நீராவித் தோற்றம் கொண்ட டீசல் இஞ்சினின் படங்கள் அளவு சரிபார்க்க உதவுகின்றன. தூக்குப்பாலத்தின் கீல்களை ஊசிக்கம்பியில் செய்துவிட்டேன்; இரண்டு பலகைகளையும் ஒரே கைப்பிடியில் சேர்ந்து இறங்க வைக்க வேண்டும். அதன்பின், பாதை மாற்ற உதவிய வளைந்த சுழல்துண்டைத் தொடங்குவேன்.