காது வலித்த இரண்டு இரவுகளும் பிறகு வந்த எட்டு வாரங்களும்

"அம்மா, காதுக்குள்ள குத்துது" என்று மகள் எழுந்து உட்கார்ந்தபோது மணி ஒன்றே முக்கால். டிசம்பர் முதல் வாரம், தில்லிக் குளிர். முனிர்காவில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. நாலு நாளாக அவளுக்குச் சளி. ஒழுகின மூக்கு கெட்டிப்பட்டு, இனி சரியாகிவிடும் என்று நான் நினைத்த அன்றைக்கே இது வந்தது. அவளுக்கு மூன்றரை வயது. எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரிந்த வயதில் வந்ததே என்று அந்த நேரத்திலும் தோன்றியது. கைக்குழந்தையாக இருந்தால் வெறும் அழுகைதான் கேட்டிருக்கும்.

கணவர் வேலையாக வெளியூர் போயிருந்தார். வீட்டில் நானும் அவளும் மட்டும். படுக்க வைத்தால் வீறிட்டு அழுகிறாள், தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தால் கொஞ்சம் அடங்குகிறாள். படுத்தால் காதுக்குள் அழுத்தம் கூடும், அதனால்தான் காதுவலி ராத்திரியில் இப்படிப் படுத்துகிறது என்பது மறுநாள்தான் தெரிந்தது. அன்றைக்கு அவள் தோளில் அடங்குகிறாள் என்பது மட்டும் தெரிந்தது, அதனால் நடந்துகொண்டே இருந்தேன்.

அலமாரியில் பாரசிட்டமால் சிரப் இருந்தது. மூடியில் நாலு மில்லி ஊற்றிக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் ஆகியும் அழுகை குறையவில்லை. "மருந்து கூடக் கேட்கலையே" என்று பயந்து போனேன். உண்மையில் தப்பு என்னுடையது. நாலு மில்லி என்பது பத்து மாதக் குழந்தையாக, ஏழு கிலோ இருந்தபோது டாக்டர் சொன்ன அளவு. அது அப்படியே மனதில் பதிந்து போயிருந்தது. இப்போது பதினாலு கிலோ. பாதி மருந்தைக் கொடுத்துவிட்டு வலி குறையவில்லையே என்று காத்திருந்திருக்கிறேன். இதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

இரண்டரை மணிக்குக் கும்பகோணத்துக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். "பூண்டு ரெண்டு பல் தட்டிப் போட்டு நல்லெண்ணெயக் காய்ச்சி, வெதுவெதுப்பா ரெண்டு சொட்டு விடுடி. உனக்கும் உன் தம்பிக்கும் அதானே பண்ணேன்." அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டும் சத்தம். மேல் வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி, சால்வையைப் போர்த்திக்கொண்டு, கையில் சின்னக் கிண்ணத்தோடு நிற்கிறார். அழுகை மேலே வரைக்கும் கேட்டிருக்கிறது. கிண்ணத்தில் கடுகெண்ணெய், அதில் பூண்டும் ஓமமும் கருகிக் கிடந்தன. நாட்டின் இரண்டு கோடியிலிருந்தும் ஒரே வைத்தியம், இரண்டுமே பாசத்தில் வந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஆனாலும் எண்ணெய் விடவில்லை. செவிப்பறையைப் பார்க்காமல் காதுக்குள் எதையும் விடக்கூடாது என்று ஒரு டாக்டர் எப்போதோ சொன்னது நினைவில் நின்றது. "டாக்டரிடம் காட்டிய பிறகு பார்க்கலாம் ஆன்ட்டி" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கிண்ணத்தை மேடையில் வைத்துவிட்டு, "கொடு, பேட்டி (மகளே)" என்று குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். நான் பழைய காட்டன் வேட்டித் துண்டை நாலாக மடித்துத் தோசைக்கல்லில் ஒற்றி எடுத்து, என் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துச் சூடு பார்த்து, அவள் காதின் மேல் வைத்தேன். ஆறினதும் மறுபடி. மூன்று நாலு தடவை மாற்றியபின் ஆன்ட்டியின் தோளிலேயே கண் மூடினாள். அவர் விடியும் வரை சோபாவில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

காலையில் குழந்தை டாக்டர். முதலில் எடை பார்த்தார். பிறகு காது மடலை மெல்ல இழுத்து "வலிக்குதா?" என்று சைகையில் கேட்டார். இவள் இல்லை என்று தலையாட்டினாள். வெளிக்காதில் புண் இருந்தால் மடலைத் தொட்டாலே துடிப்பார்கள், இது உள்ளே என்றார். வெளிச்சம் வைத்த கருவியால் நல்ல காதை முதலில் பார்த்தார், பிறகு வலிக்கிற காதை. ஆரோக்கியமான செவிப்பறை முத்துச்சிப்பியின் உள்பக்கம் மாதிரி சாம்பல் பளபளப்பாக இருக்குமாம். இவளுடையது சிவந்து வெளிப்பக்கம் உப்பியிருக்கிறது, பின்னால் சீழ் சேர்ந்திருக்கிறது என்றார். கடைசியாகக் காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அதை ஏன் செய்கிறார் என்று கேட்டேன். அந்த எலும்புக்குத் தொற்று பரவினால் அங்கே வீங்கிச் சிவந்து காது முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும், அப்படி ஆனால் வீட்டில் வைத்திருக்கவே கூடாது, நேராக ஆஸ்பத்திரி என்றார். அன்றிலிருந்து தினமும் காலையில் தலை பின்னும்போது அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது. காற்றுப் போக்குவரத்துக்கான வழி அது. பெரியவர்களுக்குச் சாய்வாக இருக்கும். குழந்தைகளுக்குக் குட்டையாக, குறுகலாக, கிட்டத்தட்டப் படுக்கை வாட்டத்தில் இருக்கிறது. சளி பிடித்தால் வீங்கி அடைத்துக்கொள்கிறது, உள்ளே நீர் தேங்குகிறது, அதில் கிருமி வளர்கிறது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை இது அதிகம் வருவதற்கும், வளர வளரக் குறைவதற்கும் இதுதான் காரணம். எண்ணெய் விட்டால் செவிப்பறைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும், வலி இருப்பதோ அந்தப் பக்கம்.

ஆன்டிபயாட்டிக் எழுதுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். சீட்டு எழுதினார், ஆனால் "இப்போது வாங்க வேண்டாம்" என்றார். இரண்டு வயதுக்கு மேல், ஒரு காது மட்டும், காய்ச்சல் 100.6 டிகிரிதான், குழந்தை தண்ணீர் குடிக்கிறாள், விளையாட்டுக் காட்டினால் சிரிக்கிறாள். இப்படி இருந்தால் 48 முதல் 72 மணி நேரம் வலிக்கு மட்டும் மருந்து கொடுத்துக் காத்திருக்கலாம், பெரும்பாலும் உடம்பே பார்த்துக்கொள்ளும், தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் வயிற்றுப்போக்கும் தடிப்பும்தான் மிச்சம் என்றார். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை, இரண்டு வயதுக்குள் இரண்டு காதிலும் வந்த குழந்தை, 102.2 டிகிரிக்கு மேல் காய்ச்சலோ கடுமையான வலியோ இருக்கிற குழந்தை, காதிலிருந்து சீழ் வருகிற குழந்தை இவர்களுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. வீட்டில் இருக்கும்போது வாந்தி நிற்காமல் வந்தாலோ, கழுத்து விறைத்தாலோ, எழுப்பினால் எழாத அளவு சோர்ந்தாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ நேரம் காலம் பார்க்காமல் கிளம்ப வேண்டும்.

பிறகுதான் சிரப் கணக்கு. நான் கொடுத்த அளவைச் சொன்னதும் ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினார். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். பதினாலு கிலோவுக்கு 210. கடையில் ஒரே பெயரில் இரண்டு வீரியத்தில் சிரப் இருக்கிறது: 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ளது ஒன்று, 250 உள்ளது இன்னொன்று. என் வீட்டில் இருந்தது 125. அதில் நாலு மில்லி என்றால் வெறும் 100 மில்லிகிராம். 250 பாட்டிலில் அதே நாலு மில்லிக்கு 200 கிடைக்கும். இதுவே தலைகீழாக நடந்து, எட்டு மில்லி கொடுத்துப் பழகினவர்கள் 250 பாட்டிலிலிருந்து எட்டு ஊற்றினால் இரண்டு மடங்கு போய்விடும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து இன்னும் அடர்த்தி, ஒரு மில்லியிலேயே 100 இருக்கிறது. பாட்டில் மாறினால் மில்லியும் மாற வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல் வேண்டாம். சில சளி சிரப்பிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும், அதையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள் என்றார். குளோர்பெனிரமைனும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக்கூடாது என்று 2023 டிசம்பரில் லேபிளிலேயே போடச் சொல்லியிருக்கிறார்கள். என் அலமாரியில் அந்த ரகம் ஒன்று பாதி பாட்டில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதை எடுத்துப் போட்டேன்.

ஊசியில்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்றும் வாங்கினேன். மூடியில் ஊற்றும்போது எது நாலு, எது ஐந்து என்று ராத்திரி வெளிச்சத்தில் தெரிவதில்லை. சிரிஞ்சில் கோடு துல்லியம். கன்னத்தின் உள்பக்கமாக வைத்து மெல்ல அழுத்தினால் துப்புவதும் இல்லை. பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, நேரம், எத்தனை மில்லி, காய்ச்சல், தூங்கினாளா, சிறுநீர் போனாளா என்று எழுதத் தொடங்கினேன். தூக்கமில்லாத மூளையை நம்ப முடியாது. "கடைசியாக எப்போது கொடுத்தேன்?" என்று மூன்று மணிக்கு யோசித்தால் பதில் வராது, நோட்டைப் பார்த்தால் தெரியும்.

அன்று பகல் நன்றாகவே போனது. குழைய வடித்த ரசம் சாதம் நாலு வாய் சாப்பிட்டாள். மெல்லும்போது வலிக்கிறது என்றதால் இட்லியைப் பாலில் கரைத்துக் கொடுத்தேன்.

இரண்டாவது இரவு பத்தரைக்கு மருந்து கொடுத்து, இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுக்க வைத்தேன். ஒரு மணிக்கு மறுபடி அழுகை. அடுத்த வேளைக்கு மூன்றரை மணி நேரம் இருந்தது. ஆன்ட்டியைக் கூப்பிடக் கூசி, துணி ஒத்தடத்தோடு நானே நடந்தேன். மூன்று மணி இருக்கும், திடீரென்று அழுகை நின்றது. சட்டென்று, ஸ்விட்ச் போட்ட மாதிரி. அப்படியே தூங்கிப் போனாள். நான் நிம்மதியாக அவள் பக்கத்தில் படுத்தேன்.

காலையில் பார்த்தால் தலையணை உறையில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை, ஓரத்தில் இளஞ்சிவப்பு. காது மடலில் காய்ந்து ஒட்டியிருந்தது. எனக்குக் கை நடுங்கியது. குழந்தையோ எழுந்து, "வலிக்கல" என்று சொல்லிவிட்டுப் பொம்மையைத் தேடப் போனாள்.

செவிப்பறையில் சின்ன ஓட்டை விழுந்து சீழ் வெளியே வந்திருக்கிறது. உள்ளே அழுத்தம் இறங்கியதால்தான் வலி நின்றது. பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானாகவே மூடிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்தக் கிண்ணத்து எண்ணெய் நினைவுக்கு வந்தது. முதல் ராத்திரியே ஓட்டை விழுந்திருந்தால், நான் விட்ட எண்ணெய் அதன் வழியாக நடுக்காதுக்கே போயிருக்கும். வெளியிலிருந்து பார்த்து அது யாருக்கும் தெரியப் போவதில்லை.

சீழ் வந்துவிட்டதால் இப்போது ஆன்டிபயாட்டிக் அவசியம் என்றார், ஏழு நாள். பொடியாக வரும் பாட்டில் அது. கொதித்து ஆறின தண்ணீரைக் கோடு வரை விட்டுக் குலுக்க வேண்டும். நுரை அடங்கியபின் மட்டம் இறங்கியிருந்தது, மறுபடி கோடு வரை ஊற்றினேன். ஃபிரிட்ஜில் வைத்து, ஒவ்வொரு முறையும் குலுக்கி, சாப்பாட்டோடு கொடுத்தேன். மூன்றாம் நாள் வயிறு இளகியது. தயிர் சாதமும் தண்ணீரும் கொடுத்துச் சமாளித்தோம், மருந்தை நிறுத்தவில்லை. வலிதான் போய்விட்டதே, இன்னும் எதற்கு என்று நாலாம் நாள் கணவர் கேட்டார். ஏழு நாளும் முடித்தோம்.

காதுக்குள் பஞ்சோ பட்ஸோ விடவில்லை, வெளியே வந்ததை மட்டும் ஈரத்துணியால் துடைத்தேன். குளிக்கும்போது வாசலின் தடவின பஞ்சைக் காது வாயில் வைத்து, தலைக்கு ஊற்றாமல் உடம்புக்கு மட்டும்.

வீட்டில் இரண்டு பழக்கம் மாறியது. படுத்துக்கொண்டே பால் பாட்டில் குடிப்பதை அவள் விடவில்லை, நானும் தூக்கத்துக்காக விட்டுவைத்திருந்தேன். அதை நிறுத்தி டம்ளருக்கு மாற்ற ஒரு வாரம் போராட்டம். இன்னொன்று சாம்பிராணி. வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா என்று டாக்டர் கேட்டபோது இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். வெள்ளிக்கிழமைதோறும் ஜன்னலை மூடி வைத்துப் போடும் புகை அப்புறம்தான் உறைத்தது. வெளியே தில்லிக் காற்று அந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளேயாவது புகை வேண்டாம் என்று விளக்கோடு நிறுத்திக்கொண்டேன். அம்மாவுக்கு இதில் வருத்தம்தான்.

வலி முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பள்ளி டீச்சர் ஒரு நாள், "பெயர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறா" என்றார். வீட்டிலும் டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்கிறாள், எதைக் கேட்டாலும் "என்ன?" என்கிறாள். இரண்டு முறை அதட்டியும் இருக்கிறேன். தொற்று போனாலும் தேங்கின நீர் வாரக்கணக்கில், சில சமயம் மூன்று மாதம் வரைகூட உள்ளே நிற்கும், அதுவரை தண்ணீருக்குள் தலையை விட்டுக்கொண்டு கேட்கிற மாதிரி இருக்கும் என்று காது மூக்கு தொண்டை டாக்டர் சொன்னார். இரண்டாவது வாரத்திலேயே ஓட்டை மூடிவிட்டது. நீர் மட்டும் இருந்தது. மூன்று மாதத்துக்கு மேல் நின்று கேட்பது மந்தமாகவே இருந்தால்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும் என்றார். அதுவரை எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்க்க வைத்துப் பேசினோம். டீச்சர் முதல் வரிசையில் உட்கார வைத்தார்.

ஒரு பரிசோதனை செய்தார்கள். ரப்பர் முனையைக் காது வாயில் வைத்துக் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, செவிப்பறை அசைகிறதா என்று பார்ப்பது. வலியே இல்லை. காகிதத்தில் கோடு வருகிறது. இரண்டாம் வாரம் நல்ல காதுக்குச் சிறு குன்று மாதிரி கோடு ஏறி இறங்கியது. இந்தக் காதுக்குத் தரையில் கயிறு போட்ட மாதிரி நீட்டமாக ஓடியது. எட்டாம் வாரம் மறுபடி போனோம். எந்திரத்திலிருந்து காகிதம் மெல்ல வெளியே வந்தது. கோடு கொஞ்ச தூரம் தட்டையாகவே போக, நான் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு ஏறியது.