‘மருந்து மறுக்கிறார்’ என்று எழுதுவதற்கு முன்

மதுரையில் எம்.டி. மனநல மருத்துவம் படிப்பவர்களுக்கு ‘ஆதரவுடன் முடிவெடுத்தல்’ கற்பிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நோயாளிக்காக நாம் முடிவெடுக்காமல், அவரே முடிவெடுக்கத் துணை நிற்பதுதான் அது. சட்டம் சொல்லிக்கொடுப்பது எளிது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் திறன் என்றால் என்ன என்று சொல்லும் நான்காம் பிரிவைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்கள்: தகவலைப் புரிந்துகொள்வது, விளைவை உணர்வது, முடிவைப் பேச்சாலோ சைகையாலோ தெரிவிப்பது. அதே மாணவர் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்ததும் நோயாளியை விட்டுவிட்டு, கூட வந்த அண்ணனிடம் “ராத்திரி தூங்குகிறாரா?” என்று கேட்பார்.

ஆகவே பாடத்தை வார்டுக்கு மாற்றினேன். யார் அருகில் இருக்க வேண்டும் என்பதை நோயாளியிடமே கேட்க வேண்டும்; அதுதான் முதல் பயிற்சி.

உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர், மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிப்பவர். கேஸ் ஷீட்டில் ‘மருந்து மறுக்கிறார், நோயுணர்வு இல்லை’ என்றிருந்தது; அதாவது, தனக்கு நோய் இருப்பதே அவருக்குப் புரியவில்லையாம். கணவரை வேண்டாமென்று அக்கா மகளை அழைத்துக்கொண்டார். “விடியுமுன் மொட்டுப் பறிக்க வேண்டும், தம்பி. இந்த மாத்திரை போட்டால் எழுந்திருக்க முடியவில்லை” என்றார். நோயுணர்வுக்கு என்ன குறை?

மாத்திரையை மாலையிலேயே போடுவது, தூக்கம் குறைவாகத் தரும் வேறு மருந்து, நிறுத்தினால் வரக்கூடியது என மூன்றையும் மாணவர் விளக்கினார். அக்கா மகள் அதை வீட்டுப் பேச்சில் திருப்பிச் சொன்னார். மாணவருக்குப் பிடித்தது முதல் வழி. அம்மா கேட்டது இரண்டாவது.

“தவறான முடிவு எடுத்தால், சார்?” என்று மாணவர்கள் கேட்டார்கள். பிறர் கண்ணுக்குத் தவறாகத் தெரிவதாலேயே ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்றாகாது, அதையும் அதே நான்காம் பிரிவு சொல்கிறது. ஆனால் மாணவர்களின் உண்மையான பயம் சட்டமல்ல, சண்டைக்கு வரும் சொந்தக்காரர்கள். அதனால் நடித்துப் பார்த்தோம். மேலூர்க்கார மாணவர் தாய்மாமன் வேடத்தில் மேசையைத் தட்டிய தட்டில் பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்துவிட்டது. சிகிச்சை முடிவுகளில் துணை நிற்கும் நியமனப் பிரதிநிதியை நோயாளியே வெள்ளைத்தாளில் எழுதிக் கைநாட்டு வைத்து நியமிக்கலாம் என்பது அன்றுதான் அவர்கள் மனதில் பதிந்தது.

அதிக ஆதரவு தேவைப்பட்டு சட்டத்தின் 89ஆம் பிரிவின்கீழ் மருத்துவமனையில் சேர்க்கப்படுபவர்களுக்கும் இது பொருந்தும். அவர்களின் முடிவெடுக்கும் திறனை ஏழு நாளைக்கு ஒருமுறை மறுபடி பார்த்தாக வேண்டும். முந்தைய வாரக் குறிப்பையே பார்த்து எழுதுபவர்களிடம் நான் கடுமையாகவே பேசுகிறேன்.

நூறு பேர் காத்திருக்கும் புறநோயாளிப் பிரிவில் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்ற கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்று மட்டும் கட்டாயமாக்கியிருக்கிறேன்: ‘மருந்து மறுக்கிறார்’ என்று எழுதினால், அடுத்த வரியில் காரணம் நோயாளியின் சொற்களிலேயே இருக்க வேண்டும். சில ஷீட்டுகளில் அந்த வரி இன்னும் காலியாகத்தான் வருகிறது, திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.