‘ரன்’ என்னும் சொல்லும் எங்கள் ஆங்கில ஆசிரியரும்

எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் பத்தாம் வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர், புதிய சொற்களை நாளும் மனனம் செய்ய வைப்பதைக் காட்டிலும், தெரிந்த சொல் ஒன்றைத் தோண்டித் துருவிப் பார்ப்பதையே பெரிதாக எண்ணியவர். அவ்வாறு அவர் எடுத்துக்கொண்டவற்றுள் ‘ரன்’ என்பதற்கே அதிக நேரம் செலவாயிற்று.

‘ஓடுதல்’ என்று நாங்கள் ஒரே குரலில் சொன்ன விடையை அவர் மறுக்கவில்லை. ஆறு ஓடுவதும், மூக்கு ஒழுகுவதும், துணியின் சாயம் கரைந்து பரவுவதும், ஒருவர் கடை நடத்துவதும், துடுப்பாட்டத்தில் எடுக்கும் ஓட்டமும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கும் என்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியமாகக் கரும்பலகையை நிரப்பினார். பாடசாலைகளுக்கிடையிலான பெரிய துடுப்பாட்டப் போட்டியான பிக் மட்ச் காலமாகையால் ‘ரன் அவுட்’ என்றதும் பின்வாங்கில் உற்சாகம் பிறந்தது. கூட்டுறவுச் சங்கக்கடையில் சீனி தீர்ந்துபோனாலும் ஆங்கிலேயர் அதே ‘ரன் அவுட்’டைத்தான் சொல்வார்கள் என்றபோது, அந்த வரிசைகளில் நின்று பழகிய எங்களுக்கு மேலும் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆயினும் எனக்கு இன்றும் மிகப் பெறுமதியாகத் தோன்றுவது தன்வினை, பிறவினை பற்றி அவர் சொன்னதுதான். பழைய ஆங்கிலத்தில் தானே ஓடுவதற்கு ‘ரின்னன்’ என்றும், குதிரையை ஓட்டிச் செல்வதற்கு ‘ஏர்னன்’ என்றும், ஒரே வேரிலிருந்து வந்த இரு வினைகள் இருந்தன. காலப்போக்கில் அவை ஒன்றாகக் கலந்துவிட்டமையால், இயந்திரம் தானாக ஓடுவதற்கும் ஒருவர் அதை ஓட்டுவதற்கும் இன்று ‘ரன்’ ஒன்றே போதுமாகிறது. தமிழில் ‘ஓடு’, ‘ஓட்டு’ என்ற வேறுபாடு கெடாமல் இருக்கிறதே என்று நாங்கள் பெருமைப்பட்டபோது, எங்கள் ஊரில் பயணிகளை ஏற்றிச் செல்லும் தட்டிவானை நினைவூட்டி, “அப்ப தட்டிவான் றைவர் என்ன செய்யிறார்? வான் ஓடுறேல்லையோ?” என்று கேட்டார். வகுப்பு அடங்கிப்போயிற்று. யாழ்ப்பாணத்தில் நாம் வாகனம் ஓட்டுவதில்லை, ஓடத்தான் செய்கிறோம். தமிழ்நாட்டு நண்பர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கும்போதெல்லாம் நான் பழைய ஆங்கிலத்தைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன்.

1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்கு உரியதாக இருந்தது. அடுத்து நடைபெற்ற திருத்தப் பணியில் ‘ரன்’ என்னும் வினைக்கு மாத்திரம் 645 பொருள்கள் பிரித்துக் காட்டப்பட்டு, அது முன்னுக்கு வந்துவிட்டது. இயந்திரங்களும் பின்னர் கணினி நிரல்களும் அச்சொல்லைப் பற்றிக்கொண்டதும் இதற்கு ஒரு காரணம். கனடாவில் குடியேறிய பின்னர் நான் கண்ட இன்னொரு பொருள் எங்கள் கரும்பலகையில் இடம்பெறவில்லை: பிரித்தானியரும் நாமும் தேர்தலில் ‘நிற்கிறோம்’, வட அமெரிக்கரோ ‘ஓடுகிறார்கள்’.

இங்குள்ள வார இறுதித் தமிழ் வகுப்பில் ‘அப்பா கார் ஓடுகிறார்’ என்று எழுதும் பிள்ளையின் கொப்பியில் சிவப்பு மையால் ஒரு ‘ட்’ சேர்க்கப்படுவதைப் பார்க்கிறேன். எங்கள் ஆசிரியர் அதற்குச் சரி போட்டிருப்பார், நானும் போடுகிறேன்.