அந்த 7 புள்ளிகள் யார் கணக்கில்?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒரு டிஃபென்ஸ் (எதிரணியிடம் பந்து இருக்கும்போது களமிறங்கித் தடுக்கும் வீரர் குழு) எவ்வளவு பலமானது என்று கேட்டால், எல்லோரும் எதிரணி எடுத்த புள்ளிகளைத்தான் காட்டுகிறார்கள். எனக்கு அது போதவே போதாது.

2021 ஜார்ஜியா அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான சீசனின் 12 ஆட்டங்களில் விட்டது மொத்தமே 83 புள்ளிகள். அதிலும் யுஏபி என்ற எதிரணி எடுத்த 7, ஜார்ஜியாவின் குவாட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) வீசிய பந்தை இடைமறித்து, எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடி அடித்த டச்டவுனில் வந்தது. டிஃபென்ஸ் அப்போது களத்திலேயே இல்லை! அதை எப்படி அவர்கள் தலையில் கட்டுவது?

சரி, எதிரில் நின்றது யார் என்றும் பார்க்க வேண்டும். டிசம்பரில் அலபாமா வந்தது. அவர்களுடைய குவாட்டர்பேக் பிரைஸ் யங் 421 யார்டுகள் வீசினார். 24-41 என்று தோல்வி. அன்று எனக்கே நம்பிக்கை ஆடிப்போனது. ஐந்து வாரம் கழித்து தேசிய இறுதியில் அதே அலபாமாவுக்கு ஒரே ஒரு டச்டவுன், 33-18 வெற்றி. அலபாமாவின் பந்து பிடிக்கும் வீரர் ஜேம்சன் வில்லியம்ஸ் காயத்தால் பாதியிலேயே வெளியேறினார் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனாலும் 83 என்ற எண்ணைவிட அந்த ஓர் இரவைத்தான் நான் நம்புகிறேன். கடைசி நிமிடத்தில் ஜார்ஜியா டிஃபென்ஸின் கீலீ ரிங்கோ பந்தைப் பறித்து 79 யார்டு ஓடினாரே, அதை இன்னும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.