வைஃபையும் இரும்பு பீரோவும்: இரண்டு மாத அலைச்சல்

இரண்டு மாதமாக மகளின் ஆன்லைன் வகுப்பு பாதியில் அறுந்துகொண்டே இருந்தது. நேற்றுதான் சரியானது. கோளாறு வெளியிலிருந்து வரும் லைனில் இல்லை, வீட்டுக்குள் பரவும் வைஃபையில் இருக்கிறது என்று முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

கனெக்‌ஷன் கொடுத்த கம்பெனிக்கு ஐந்து முறை போன் செய்தேன். நான்கு முறை, "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." ஐந்தாவது முறை, "பெரிய பிளானுக்கு மாறுங்க." 40 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 100க்கு மாறினேன். பின் அறையில் அதே சுற்றல்தான். அடுத்து ஒரு ரிப்பீட்டர் (ரூட்டரின் சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் பெட்டி) வாங்கி அந்த அறையிலேயே மாட்டினேன். அதுவும் வீண். சிக்னலே வராத இடத்தில் அது எதை வாங்கி எதை அனுப்பும்? பாதி வழியில், சிக்னல் நன்றாக இருக்கும்போதே வாங்கிக்கொள்கிற மாதிரி வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

பக்கத்து வீட்டுத் தம்பிதான் வழி காட்டினார். "முதல்ல லேப்டாப்பை ரூட்டர்ல லேன் கேபிள்ல போட்டுப் பாருங்கண்ணே" என்றார். போட்டேன், வேகம் 94 எம்பிபிஎஸ் வந்தது. அதே லேப்டாப் பின் அறையில் வைஃபையில் 3. லைன் சுத்தம் என்று அப்போதுதான் தெரிந்தது. நீங்கள் பிளானை மாற்றும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள்.

அப்புறம் போனில் வைஃபை அனலைசர் என்ற, சிக்னலை அளக்கும் ஆப்பைப் போட்டு அறை அறையாக நடந்தேன். சிக்னலின் பலத்தை டிபிஎம் என்ற அளவில், மைனஸில் காட்டும்; பூஜ்யத்துக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது. 10 இறங்கினால் பலம் பத்தில் ஒரு பங்காகிவிடும். ரூட்டர் பக்கத்தில் மைனஸ் 38, பின் அறையில் மைனஸ் 84. வீடியோ வகுப்புக்கு மைனஸ் 67 ஆவது வேண்டும். ரூட்டரை மாட்ட வந்தவர், வயர் வெளியே தெரியாமல் இருக்கட்டும் என்று இரும்பு பீரோவுக்குப் பின்னால் மாட்டியிருந்தார். இரும்பு ரேடியோ அலையை ஊடுருவ விடாது, திருப்பி அடித்துவிடும். நல்ல வேளை, ஃபைபர் ஒயர் இரண்டு சுற்று மிச்சம் இருந்தது. ஹாலில் ஷோகேஸ் மேல் ஏற்றினேன். (ஃபைபரைக் கூர்மையாக மடக்காதீர்கள், உள்ளே இருப்பது கண்ணாடி இழை.) பின் அறை மைனஸ் 61க்கு வந்தது!

ஆனாலும் சாயங்காலம் தடுமாறியது. பார்த்தால் அக்கம்பக்கத்தில் ஒன்பது வைஃபை, எங்களுடையதைப் போலவே 6ஆம் சேனலில், அதாவது ஒரே தடத்தில். எங்கள் ரூட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் அனுப்பும். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டும்தான். 1க்கு மாற்றினேன். லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனேன். அதற்கு வேகம் அதிகம், சுவர் தாண்டும் பலம் குறைவு. பழைய பிரிண்டருக்கு 2.4 மட்டுமே தெரியும், அதனால் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தேன்.

நேற்று ஒன்றரை மணி நேர வகுப்பு ஒரு தடவைகூட அறுபடவில்லை. பிளானைப் பழையபடி 40க்கே இறக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.